பன்னிரண்டாவது கையெழுத்து

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. கோடு வெள்ளைச் சாக்பீஸால் போட்டதா மஞ்சளால் போட்டதா என்பதிலிருந்தே சந்தேகம் தொடங்குகிறது. மணிமாறன் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறான். ஒருமுறை வெள்ளை என்றான், மறுமுறை மஞ்சள் என்றான். மார்கழி என்பது மட்டும் நிச்சயம், இரண்டு முறையும் பனியைப் பற்றிச் சொன்னான். மீதியை நான் கேட்டபடியும், அவன் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த இடங்களில் எனக்குத் தோன்றியபடியும் சொல்கிறேன்.

மந்தாரக்குப்பத்தில் மணிமாறன் வாடகைக்கு இருந்த சந்தில் ஒரு பைக்கும் ஒரு மாடும் எதிரெதிரே வந்துவிட்டால், யார் பின்னால் போவது என்பதை மாடுதான் தீர்மானிக்கும். அவனிடம் இருந்ததோ பதினெட்டுப் பேர் உட்காரும் வேன். மெயின் ரோட்டில் விட்டுப் பார்த்தான். இரண்டு முறை பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாவது முறை டீசலை உறிஞ்சிவிட்டு, டேங்க் மூடியை மட்டும் ஒழுங்காக மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் மைதானத்துக்கு வந்தான்.

கடைசி பிளாக்கின் ஓரத்தில் இருக்கிறது அந்த மைதானம். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. இன்னொரு பக்கம் வரிசையாகப் பன்னிரண்டு குவார்ட்டர்ஸ்களின் பின்கதவுகள். நிலம் அந்தக் கதவுகளை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். நடந்தால் தெரியாது, பந்தை வைத்தால் தெரியும். காலையில் நடக்கிறவர்கள் நடப்பார்கள், மாலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், தைப்பூசத்துக்கு வடலூர் போகிற பஸ்கள் இரண்டு நாள் நிற்கும். மற்ற நாட்களில் ராத்திரி நிற்பவை ஐந்து வண்டிகள்: ஒரு தண்ணீர் லாரி, ஒரு பேண்டு செட் வேன், இரண்டு ஸ்கூல் வேன்கள், மணிமாறனுடையது. யாரும் அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை. அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அந்த இடம் இல்லையென்றால் அவனுக்கு வேன் இல்லை. முதல் ஷிஃப்டுக்குப் போகிற கான்ட்ராக்ட் ஆட்களை நாலு ஐம்பத்தைந்துக்குப் பேருந்து நிலையத்தில் ஏற்றி மைன்ஸ் வாசலில் இறக்க வேண்டும். மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் கான்ட்ராக்டர் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். வண்டி நிற்க ஓர் இடம் வேண்டும், அந்த இடம் கிட்டத்தில் இருக்க வேண்டும். மணிமாறனின் பிழைப்பு மொத்தமும் இருபதடிக்கு ஏழடி மண்ணில் நின்றுகொண்டிருந்தது.

மைதானத்துக்குக் காவல் என்று சொன்னால் குஞ்சிதபாதம்தான். கான்ட்ராக்ட் செக்யூரிட்டி. சைக்கிளில் வந்து, வண்டிகளைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போவார்.

“இது யாரு எடம்ணே?” என்று ஒருநாள் மணிமாறன் அவரை வம்புக்கு இழுத்தான்.

“கம்பெனி எடம்.”

“கம்பெனி யாருது?”

“பப்ளிக் செக்டாருப்பா.”

“அப்ப நான் பப்ளிக் இல்லியா?”

“நீ பப்ளிக்தான். செக்டார் அவங்க.” குஞ்சிதபாதம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். “இதுல ஒரு சூட்சுமம் கீது, கேட்டுக்க. பேப்பர்ல வராத வரிக்கும் உன் வண்டி யாரு கண்ணுக்கும் தெரியாது. எவனாச்சும் எழுதிக் குடுத்தான்னு வையி, அன்னியிலேர்ந்து எல்லாருக்கும் நல்லாத் தெரியும். புதுசா வந்துகிற ஆபீஸர் அம்மா வேற, எந்தக் கிரவுண்டுல யாரு நிக்கிறான்னு கேட்டுகினே கீறாங்களாம்.”

இது நடந்து பத்து நாள் இருக்கும். ஒரு நாள் விடியலுக்கு முன்னால், நாலேகால் மணிக்கு, வண்டியைச் சுற்றி வந்த மணிமாறன் முன் சக்கரத்தில் அந்தக் கோட்டைப் பார்த்தான். டயரின் பக்கவாட்டில், மேலிருந்து கீழாக, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரு கோடு. கோடு முடிகிற இடத்துக்குக் கிட்டே மண்ணில் ஒரு சின்னக் கல் பதித்திருந்தது. பையன்கள் விளையாட்டு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தான். கல்லைக் காலால் தள்ளிவிட்டான்.

மறுநாளும் கோடு இருந்தது, கல்லும் இருந்தது. மற்ற நாலு வண்டிகளையும் செல்போன் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எதிலும் இல்லை.

கோடும் கல்லும் அவனுக்குப் புதிதல்ல. அவன் ஊர் வளையமாதேவிப் பக்கம். அப்பாவின் இரண்டு காணி நிலம் சுரங்கத்துக்குப் போனபோது மணிமாறனுக்குப் பதினேழு வயது. எப்படிப் போனது என்று கேட்டால் அவன் வரிசையாகச் சொல்வான்: முதலில் வேப்பமரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு. அடுத்து வரப்பில் ஒரு கல். கோடு போட்டவர் நல்ல மனிதர், மோர் வாங்கிக் குடித்தார், “சும்மா ஒரு அளவுக்குத்தாம்பா” என்றார். அதன் பிறகு நோட்டீஸ் வந்தது. அதன் பிறகு மெஷின் வந்தது. அப்பா சாகும்வரை நோட்டீஸைப் பற்றியோ மெஷினைப் பற்றியோ பேசவில்லை. அந்தக் கோட்டை அன்றைக்கே அழித்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கோட்டைத் துடைத்துவிட்டு வண்டிக்குள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். வரிசையில் ஏழாவது வீட்டின் பின்கதவு திறந்தது. இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நேராகத் தெருப்பக்கம் போகாமல் அவன் வண்டியை நோக்கி வந்தாள். செல்போன் டார்ச்சைச் சக்கரத்தின்மேல் அடித்துப் பார்த்தாள். ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அணைத்தாள். தெருப்பக்கம் நடந்து போய்விட்டாள். உள்ளே ஒருவன் குரங்குக் குல்லாயோடு உட்கார்ந்திருப்பதை அவள் பார்க்கவில்லை. மணி நாலு நாற்பது.

ஏழாவது வீடு வேலுமணியினுடையது. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பர்மனென்ட் ஆள், கரூர்ப் பக்கத்துக்காரர், ரிட்டயர் ஆக ஏழெட்டு மாதம் இருந்தது. ஆறு வருஷத்தில் மணிமாறனும் அவரும் மொத்தமாகப் பேசியது இருபது வார்த்தை இருந்தால் அதிகம். பார்த்தால் தலையசைப்பார். ஒரு கோடையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டபோது ஒரு வாளி கொண்டுவந்து வைத்துவிட்டு, வாளியைத் திருப்பி வாங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அதிகம் பேசாத மனிதர் என்று அப்போது மணிமாறனுக்கு அவர்மேல் ஒரு மரியாதை இருந்தது. இப்போது அதே மௌனத்தை நினைத்துப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிந்தது. பேசாதவன் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டுப் பாதி தூரம் போனவன், டிபன் டப்பாவை மறந்தது நினைவு வந்து திரும்பினான். முன் சக்கரத்தின் பக்கத்தில் வேலுமணி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். கையில் சாக்பீஸ்.

மணிமாறனைப் பார்த்ததும் நிதானமாக எழுந்தார். அவசரம் ஒன்றும் இல்லை. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

“காலைல வண்டிய எத்தன மணிக்கு எடுப்பீங்க?” என்றார்.

மணிமாறன் வண்டிக் கதவைத் திறந்து டிபன் டப்பாவை எடுத்தான். இரண்டு பேரும் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. வேலுமணி தலையசைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

“எத்தன மணிக்கு எடுப்பேன்னு கேக்குறான்,” என்று வீட்டில் வந்து மனைவி மலர்கொடியிடம் சொன்னான். “ராத்திரி பூரா வண்டி நகரலன்னு காட்டறதுக்குத்தான் கோடு போடறான். எழுதிக் குடுக்கப் போறான்.”

“எதுக்குக் கோடு போட்டேன்னு கேட்டுட வேண்டியதான?”

“கேட்டா சொல்லிடுவானா?”

“சொல்றானோ இல்லியோ. கேக்காம மூஞ்சப் பாத்துகினு நின்னா மட்டும் என்னா தெரிஞ்சிடப் போவுது.”

“ஒனக்குத் தெரியாது. எங்க அப்பா கேட்டாரு. சும்மா ஒரு அளவுக்குன்னாங்க.”

அவன் அப்பாவின் பேச்சு வந்துவிட்டால் அந்த வீட்டில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அந்த வாரம் முழுக்க அவன் ஏழாவது வீட்டைக் கவனித்தான். நாலேகாலுக்குச் சமையலறை விளக்கு எரிகிறது. நாலு நாற்பதுக்கு அந்தப் பெண் வருகிறாள். சக்கரத்தைப் பார்க்கிறாள், போகிறாள். வேலுமணிக்குப் பெண் பிள்ளை கிடையாது, ஒரே மகன் ஓசூரில் வேலையில் இருப்பதாகக் கேள்வி. அப்படியானால் இவள் யார்? பின்பக்க அறையை வாடகைக்கு விட்டிருக்கிறார். டவுன்ஷிப்பில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. அவர் என் வண்டியைப் பற்றி எழுதுவதற்குள் நான் அவர் வீட்டைப் பற்றி எழுதிவிட்டால், பிறகு அவர் எழுதுவது பழிவாங்கலாகத்தானே தெரியும் என்று கணக்குப் போட்டான். கணக்கு சரியாகவே வந்தது. தவறான கணக்கு எதுவும் போடும்போது தவறாக வருவதில்லை.

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இடது கையால் எழுதினான். மொட்டைக் கடுதாசி எழுதுவது அந்தப் பக்கத்தில் புதிய விஷயம் இல்லை. பெயர் போடக் கூடாது, ஊர் போடக் கூடாது, கையெழுத்து தெரியக் கூடாது. இதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் ஆறு வருஷமாகத் தினமும் டிரிப் ஷீட் எழுதுகிறவன். நேரம் போடாத விவரத்தை எந்த ஆபீஸிலும் மதிப்பதில்லை என்று பழகியிருந்தான். அதனால் இப்படி எழுதினான்: தேதி இத்தனை, சமையலறை விளக்கு 4.15, பின்கதவு வழியாக வெளிப்பெண் 4.40. மறுநாள், 4.15, 4.40. அதற்கு மறுநாள், 4.15, 4.42. ஆறு நாள். கீழே, “இப்படிக்கு உண்மை விளம்பி.”

டவுன்ஷிப் ஆபீஸுக்கு முகவரி எழுதி, மந்தாரக்குப்பம் தபால் பெட்டியில் பட்டப்பகலில் போட்டான். மலர்கொடி கிழிந்த நோட்டைப் பார்த்தாள். ஏன் கிழித்தாய் என்று மகளைத்தான் கேட்டாள். மகள் நான் இல்லை என்றாள்.

எட்டாம் நாள் காலை டிரிப் முடித்து ஒன்பது மணிக்கு மைதானத்துக்கு வந்தபோது ஏழாவது வீட்டின் பின்னால் ஜீப் நின்றது. ஆபீஸிலிருந்து மூன்று பேர் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். வேலுமணி யூனிஃபார்மில் வெளியே நின்றார், அன்றைக்கு வேலைக்குப் போகவிடவில்லை போலிருந்தது. அந்தப் பெண் கதவோரம் நின்று கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னாள். ஜீப் போன பிறகும் வேலுமணி அங்கேயே நின்றார். வேனைப் பார்த்தார். தலையசைக்கவில்லை. மணிமாறன் தனக்கு வந்ததைத் திருப்தி என்றுதான் முதலில் நினைத்தான்.

மறுநாள் குஞ்சிதபாதம் சைக்கிளோடு வந்தார். அன்றைக்கு ஸ்டாண்டு போடவில்லை, ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே பேசினார்.

“லெட்டர் போட்டவன் ஒரு அரவேக்காடுப்பா.”

“எந்த லெட்டர்ணே?”

“ஏழாம் நம்பர் வூட்டப் பத்தி மொட்டக் கடுதாசி. நாலு நாப்பது, நாலு நாப்பத்திரெண்டுன்னு ரயில்வே டைம் டேபிள் மாதிரி எழுதிகிறான். ஆபீஸர் அம்மா படிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அந்தப் பின்கதவு எங்கேர்ந்து தெரியும்? ஆபீஸ்ல கீற கொளஞ்சிநாதன் சாரு, கிரவுண்டுலேர்ந்துதான் மேடம், வேற எங்கியும் தெரியாதுன்னுட்டாரு. விடிகாலம் நாலு நாப்பதுக்குக் கிரவுண்டுல யாரு இருப்பான்னாங்க. வாக்கிங் போறவங்க அஞ்சரைக்கு முன்னாடி வரமாட்டாங்க. அப்ப ராத்திரில வண்டி நிக்கிதான்னு என்னியப் பாத்துக் கேட்டாங்க.”

“நீ என்னா சொன்ன?”

“நான் என்னாத்த சொல்றது? அதான் எழுத்துல வந்துட்ச்சே. ராத்திரில வண்டி நிக்கிதுன்னு இது வரிக்கும் ஒரு பய எழுதிக் குடுத்ததில்ல. அந்தாளு வேலுமணிகூட எழுதல. வூட்டப் பத்தி எழுதறேன்னு இவன் எழுதிட்டான்.”

சொல்லிவிட்டு முன் சக்கரத்தைப் பார்த்தார். எழுதியது தான்தான் என்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது மணிமாறனுக்கு இன்றுவரை தெரியாது.

ஆபீஸர் அம்மா கெட்டவர் இல்லை. ஒரேயடியாக மூடிவிடவில்லை. பதினைந்து நாள் தவணை கொடுத்தார். மைதானத்தைப் பார்த்து இருக்கும் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ராத்திரி வண்டி நிற்பதில் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டால் ஐந்து வண்டிக்கும் பாஸ், ஒரு வீடு குறைந்தாலும் தடுப்பு என்றார். பேண்டு செட்காரருக்கு எழுத வராது, ஸ்கூல் வேன்காரர்களுக்கு நேரமில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை மணிமாறனிடம் வந்தது. ஒரு வாரத்தில் பதினொரு கையெழுத்து வாங்கிவிட்டான். ஏழாவது வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

அதற்குள் அந்தப் பெண் அவனுடைய சந்துக்கே குடிவந்துவிட்டாள். மூன்று வீடு தள்ளி, மாடி அறை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மலர்கொடிக்குப் பழக்கமாகி, ஒரு மத்தியானம் டீ குடிக்க வந்து உட்கார்ந்திருந்தாள். மணிமாறன் உள்ளே நுழைந்தபோது பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேன்காரன் இவன்தான் என்று அவளுக்குத் தெரியாது.

“இவங்க பேரு புவனா. மெஸ்ல இட்லி போடற வேலையாம்,” என்றாள் மலர்கொடி. “மாமா வூட்ல இருந்துகினு இருந்தாங்களாம். எவனோ கடுதாசி போட்டு வெளிய அனுப்பிட்டானாம்.”

“மாமான்னா?” என்றான்.

“அம்மாகூடப் பொறந்தவருங்க,” என்றாள் புவனா. “எனக்கு வீட்டுக்காரர்கூடச் சரிவரலீங்க. ஒரு ஆறு மாசம் வந்து இருன்னு கூட்டிட்டு வந்தாரு. கம்பெனி வீட்ல தங்கறதுக்குப் பர்மிஷன் வாங்கோணும்னு அவருக்குத் தெரியும்ங்க. எழுதிக் குடுத்தா எதுக்கு வந்தேன்னு காரணம் எழுதோணுமாம். எங்கதய ஆபீஸ் ஃபைல்ல எழுத அவருக்கு மனசு வரல.”

“வாடகைக்கு விட்டாருன்னு எழுதினாங்களா?” என்று கேட்டாள் மலர்கொடி.

“ஆமாங்க்கா. மாமாவா வாடக வாங்கறவரு? அவரு பக்கத்து வண்டி உருளறதுக்கெல்லாம் கவலப்படற ஆளு.”

“எந்த வண்டி?”

“பின்னாடி கிரவுண்டுல ஒரு வேன் நிக்குமுங்க. அது ராத்திரில கொஞ்சங் கொஞ்சமா எங்க வேலிப் பக்கம் எறங்குதுன்னு அவருக்கு ஒரு சந்தேகம். ஹேண்ட் பிரேக் கேபிள் இளகியிருக்கும்னாரு. பெல்ட் செக்ஷன்ல அப்படித்தானாம், பெல்ட் வழுக்குதான்னு சாக்பீஸ்ல கோடு போட்டுத்தான் பாப்பாங்களாம். அதான் சக்கரத்துல கோடு போட்டு, கீழ கல்ல வெச்சாரு. கோடு கல்ல விட்டு நகந்துதான்னு பாத்துட்டுப் போன்னு என்கிட்டச் சொன்னாரு. நானும் தெனமும் பாத்தேன். கோடே இருக்காது. யாரோ தொடச்சிருப்பாங்க.”

“நேரா அந்த டிரைவர்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?”

“அளந்து பாக்காம சொல்லக் கூடாதும்பாரு. அப்புறம் அவருக்கே அந்த டிரைவர்மேல சந்தேகம் வந்திருச்சு. பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சேதான் தொடைக்கறான், வண்டிய நிறுத்த விட மாட்டாங்கன்னு மறைக்கறான்னாரு.”

மலர்கொடி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். கணவனைப் பார்க்கவில்லை. மூலையில் மகளின் பள்ளிப் பை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புவனா தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்திருக்க வேண்டும், “வரட்டுங்களா” என்று எழுந்துகொண்டாள்.

அவள் போன பிறகு மலர்கொடி, “அவங்ககிட்ட நீதான்னு சொல்லப் போறியா?” என்று கேட்டாள்.

“எந்த நானு? வேன்காரனா, லெட்டர்காரனா?”

“ரெண்டும் ஒருத்தன்தான.”

அன்று சாயங்காலம் அவனே டயரில் ஒரு கோடு போட்டான், கீழே ஒரு கல்லையும் வைத்தான். விடியலுக்கு முன்னால் வந்து பார்த்தபோது கோடு சாய்ந்து, சக்கரம் கல்லைவிட்டு நாலு விரல்கடை சரிவில் இறங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்கு டிரிப் தாமதம் என்று மட்டும் சொன்னான்.

பன்னிரண்டாம் தேதி ஏழாவது வீட்டுக்குப் போனான். முன்பக்கமாக, முதல் முறையாக. வேலுமணியின் மனைவி கதவைத் திறந்து ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. வேலுமணி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“பிரேக் கேபிள மாத்திட்டேங்க,” என்றான் மணிமாறன்.

“நல்லதுங்க.”

தாளை நீட்டினான். வேலுமணி பதினொரு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஒண்ணு சொல்றனுங்க,” என்றார். “அந்த லெட்டர நீங்க எழுதுனீங்களான்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா இல்லைம்பீங்க. அப்புறம் அத நம்பறதா வேண்டாமான்னு கரூர் போய் உக்காந்தும் நான் யோசிச்சிட்டே இருக்கோணும். எனக்கு அது வேண்டாம்.”

மணிமாறன் வாயைத் திறந்தான். வேலுமணி கையை உயர்த்தினார். கோபமாக இல்லை, பெல்ட்டை நிறுத்தச் சொல்கிற மாதிரி. உள்ளே பாத்திரம் கட்டுகிற சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. வேலுமணி பேனாவை எடுத்து ஏழாம் எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போட்டார். அதன் கீழே தேதியும் போட்டார். மற்ற பதினொரு பேரில் ஒருவர்கூடத் தேதி போட்டிருக்கவில்லை.

மணிமாறன் நேராக ஆபீஸுக்குப் போனான். கொளஞ்சிநாதன் தாளை வாங்கி, விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு வந்து ஏழில் நிறுத்தினார்.

“இது செல்லாதுப்பா.”

“ஏங்க சார்? அவரே போட்டதுங்க.”

“அவருதான் போட்டாரு, இல்லேங்கல. வெளியாள வெச்சிருந்ததுக்கு அவரு வீட்டு அலாட்மென்ட் பத்தாம் தேதியோட கேன்சல். பேக் பண்ண டைம் குடுத்திருக்கு, அவ்ளோதான். இதுல தேதி பன்னெண்டு போட்டிருக்காரு. எங்க ரெக்கார்டுல அது இப்ப காலி வீடு. காலி வீடு எப்படிக் கையெழுத்துப் போடும்?”

“காலி வூடுன்னா கம்பெனி வூடுதானுங்க? கம்பெனியே போடட்டுங்க.”

“கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லைன்னு கம்பெனிகிட்டக் கம்பெனியே எழுதிக் குடுக்கணுமா? யாரு சைன் பண்ணுவா, நானா?” கொளஞ்சிநாதன் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “தேதி போடாம இருந்திருந்தா நான் பாத்திருக்கவே மாட்டேன். யாரு போடச் சொன்னா?”

யாரும் போடச் சொல்லவில்லை. வெளியே வந்து ஆபீஸ் வாசலில் நின்று மணிமாறன் அந்தத் தேதியைப் பார்த்தான். முப்பது வருஷம் பெல்ட் பிரிவில் ரிப்போர்ட் எழுதியவர், கையெழுத்துக்குக் கீழே தேதி போடுவது கை தானாகச் செய்கிற வேலையாக இருக்கலாம். பத்தாம் தேதி உத்தரவு கையில் கிடைத்தவர், பன்னிரண்டு என்று எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்தே எழுதியவராகவும் இருக்கலாம். அந்த வீட்டில் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துப் பார்த்தான். அத்தனை நேரம் எதை யோசித்தார்? திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாது என்று அவரே முந்திக்கொண்டு வழியை அடைத்துவிட்டாரோ என்றும் தோன்றியது.

தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால் மைதானத்தின் வாசலில் இரும்புக் குழாய்த் தடுப்பு வந்தது. அந்த வருஷம் வடலூர் பஸ்களும் உள்ளே நிற்கவில்லை. மணிமாறன் மறுபடி மெயின் ரோட்டில் விட்டான். அந்த மாதம் பேட்டரி போய் ஒரு நாள், வண்டியைத் தள்ளிவைக்கச் சொல்லிப் போலீஸ் நிறுத்தி இரண்டு நாள், ஆக மூன்று நாள் தாமதமானது. கான்ட்ராக்டர் வேறு வேனைக் கூப்பிட்டார். சித்திரையில் வண்டியைக் குள்ளஞ்சாவடிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, இப்போது அவரிடமே டிரைவராக இருக்கிறான். வேலுமணி ரிட்டயர் ஆகிக் கரூர்ப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறார். ஏழாவது வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது. புவனா கணவனிடம் திரும்பிப் போகவில்லை, அதே மாடி அறையில் இருந்துகொண்டு மெஸ் வேலைக்குப் போய்வருகிறாள். மலர்கொடி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. குஞ்சிதபாதத்துக்குத் தடுப்பின் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்.